படகுக்குக் கணக்குச் சொல்லுங்கள்

போர் வந்தால் அரசுக்குப் படகு வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன் எவனும் மறுக்க மாட்டான். ஆள் ஏற்றவும் கரையைக் காவல் காக்கவும் கண்ணிவெடி தேடவும் படகு வேண்டும்; அது குடும்பப் படகாக இருந்தாலும் சரி, கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் எடுக்கிறவனுக்கும் சில கடமைகள் உண்டு. எடுக்கும்போது எழுதிக் கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். உடைந்தால், மூழ்கினால், அதற்குரிய காசைத் தர வேண்டும். ஊர்த் துறையில் ஒருவனுடைய வள்ளத்தை இன்னொருவன் ஒரு நாளைக்கு இரவல் வாங்கினாலே இந்த முறைதான். ஓர் அரசுக்கு இதுவும் தெரியாதா?

தெரியும். நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே செய்தார்கள் என்பதில்தான் என் வயிறு எரிகிறது.

தெரியும் என்பதற்குச் சாட்சி இங்கிலாந்தின் ராம்ஸ்கேட் கடல்சார் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஒரு மோட்டார் படகு. பெயர் சன்டவுனர். 58 அடி நீளம். டைட்டானிக் கப்பலின் இரண்டாம் அதிகாரியாக இருந்து உயிர் தப்பிய சார்ல்ஸ் லைட்டோலரின் குடும்பப் படகு. 1912-இல் கடற்படையின் சிறிய நீராவிப் படகாகக் கட்டப்பட்டதை 1929-இல் வாங்கி, பழுது பார்த்து, எஞ்சின் பூட்டி, அவரும் மனைவியும் பிள்ளைகளும் அதில் பயணம் போனார்கள். 1940 மே மாத நடுவில், 30 அடியிலிருந்து 100 அடி வரை நீளமுள்ள உல்லாசப் படகு வைத்திருப்பவர்கள் எல்லாரும் விவரம் தர வேண்டும் என்று பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகம் வானொலியில் அறிவித்தது. மே 31-ஆம் தேதி லைட்டோலருக்குத் தொலைபேசி வந்தது: பிரான்சின் டன்கேர்க் கரையில் சிக்கிய படையினரை மீட்கப் படகு வேண்டும், கடற்படை ஆட்கள் அதை அங்கே கொண்டுபோவார்கள். அவர் சொன்ன பதில் பின்னாளில் ஒரு கதையாகவே ஆகிவிட்டது. என் படகை நானே ஓட்டிக்கொண்டு போவேன் என்றார். வயது அறுபத்தாறு. கூட வந்தவர்கள் மூத்த மகனும் ஓர் இளம் சாரணனும். கடைசி மகனைப் போர் தொடங்கிய இரண்டாம் நாளே விமானப்படையில் பறிகொடுத்திருந்த தகப்பன் அவர். ஜூன் முதலாம் தேதி ஏறத்தாழ 130 பேரை அந்தச் சிறு படகுக்குள் அடுக்கி, மேலே குண்டுவிமானங்கள் சுற்றச் சுற்ற, உயிரோடு ராம்ஸ்கேட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

அந்த மனிதருக்குத் தலை வணங்குகிறேன். அந்தத் துணிவைக் குறைத்துச் சொல்ல ஒரு சொல்லும் என்னிடம் இல்லை. நான் பார்க்கச் சொல்வது அந்த அரசு அவரிடம் நடந்துகொண்ட விதத்தை. முதலில் விவரம் கேட்டது. பிறகு படகைக் கேட்டது. உரிமையாளன் நானே வருகிறேன் என்றபோது அந்த உரிமையை மதித்தது. பறிக்கப்படும் கப்பலுக்கும் படகுக்கும் வாடகையும் நட்டஈடும் தரச் சட்டத்தை 1939-லேயே நிறைவேற்றி வைத்திருந்தது. போர் முடிந்தபின் படகு குடும்பத்திடமே திரும்பிப் போனது. டன்கேர்க்கிலிருந்து மீட்கப்பட்ட 3,38,226 பேரின் கதையில் அந்தச் சின்னப் படகுகளுக்குத் தனிக் கொடியே கிடைத்தது.

இது நடந்து பதினெட்டு மாதம் கழித்து, அதே மன்னரின் பெயரில், இன்னொரு பெருங்கடலின் கரையில் நடந்ததைச் சொல்கிறேன்.

1941 டிசம்பர் 7. பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுந்தது. கனடாவின் மேற்குக் கரையான பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 22,000 பேர் இருந்தார்கள். பெரும்பாலானோர் அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள் அல்லது குடியுரிமை பெற்றவர்கள். அவர்களில் நிறையப் பேருக்குக் கடல்தான் சோறு. குண்டு விழுந்த சூடு ஆறும் முன்பே கனடியக் கடற்படை அவர்களுடைய மீன்பிடிப் படகுகளைச் சுற்றி வளைத்தது. ஏறத்தாழ 1,200 படகுகள். கூட்டு நிறுவனத்தின் கப்பல்கள் இல்லை இவை. ஒரு வீட்டுக்கு ஒரு படகு. தகப்பன் ஓட்ட, மகன் வலை இழுக்க, தாய் கரையில் இருக்கும் மீன் தகரத் தொழிற்சாலையில் கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு மீன் வெட்ட, அப்படி நடந்த குடும்பங்களின் ஒரே சொத்து.

அந்தப் படகு எப்படி வந்தது என்று சொல்லாமல் அது போன கதையைச் சொல்ல முடியாது. ஜப்பானின் வகயாமா மாவட்டத்தில் மியோ என்றொரு மீனவக் கிராமம். 1888-இல் அங்கிருந்து கிஹெய் குனோ என்பவர் ஃபிரேசர் ஆற்றின் முகத்துவாரத்துக்கு வந்து, ஆற்றில் சால்மன் மீன் புரள்வதைப் பார்த்து ஊருக்குச் செய்தி அனுப்பினார். ஊரே கிளம்பி வந்தது. ஸ்டீவ்ஸ்டன் என்ற துறை வளர்ந்தது. தங்களுக்கென மருத்துவமனை கட்டினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள், படகுப் பட்டறை போட்டார்கள். செடார் மரப் பலகையை ஓக் மர வங்குகளின் மேல் வளைத்து அறைந்து, கலப்பத்துப் பார்த்து, காகிதத்தில் ஒரு கோடு கீறாமல் கண்ணளவிலேயே படகு கட்டும் தச்சர்கள் அவர்களிடம் இருந்தார்கள். உள்ளே வன்கூவரில் செய்த ஈஸ்ட்ஹோப் எஞ்சின். ஒற்றைச் சிலிண்டர், இல்லாவிட்டால் இரட்டை. டுக் டுக் என்று அது விடிகாலையில் ஆற்றில் அடிக்கும் சத்தம் இன்றும் அந்தக் கரையின் முதியவர்களுக்குக் காதில் நிற்கிறது.

அந்த எஞ்சினைப் பூட்டுவதற்கே அவர்கள் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. இதை எத்தனை பேர் அறிவார்கள்? 1920-களில் ஜப்பானியரின் மீன்பிடி உரிமங்களை அரசு வேண்டுமென்றே வெட்டியது. 1925-க்குள் ஏறத்தாழ ஆயிரம் உரிமங்கள் பறிபோயின. வடக்கே ஸ்கீனா ஆற்றுப் பக்கத்தில் மற்றவர்கள் மோட்டார் பூட்டலாம், இவர்கள் மட்டும் பாயும் தண்டுமாகவே போக வேண்டும் என்று விதி இருந்தது. ஒரே கடல், ஒரே காற்று, ஒரே மீன். ஒருவன் எஞ்சினில் போய் வலை போட்டுத் திரும்பி வருகிறான், பக்கத்தில் இன்னொருவன் தோள்பட்டை கழலத் தண்டு வலிக்கிறான். ஜூன் கிசாவா என்ற மீனவர் அந்தத் தடையை வேண்டுமென்றே மீறி வழக்காடினார். 1930-இல்தான் தடை விலகியது. ஆக, 1941-இல் பறிக்கப்பட்ட மோட்டார் படகு என்பது அந்த வடகரைக் குடும்பங்களின் கையில் பன்னிரண்டு ஆண்டுகூட முழுதாக இருக்கவில்லை. போராடி வாங்கிய எஞ்சின் ஐயா அது!

பறித்த விதத்தைக் கேளுங்கள். உத்தரவு வந்தது: படகை நீங்களே ஓட்டிக்கொண்டு வந்து ஒப்படையுங்கள். லைட்டோலர் கேட்டு வாங்கிய பெருமையை இவர்களுக்குத் தண்டனையாகக் கொடுத்தார்கள். மார்கழிக் குளிரில், வடக்கே ஸ்கீனா வாயிலிருந்துகூட, கடற்படைக் கப்பல்களின் காவலில், கயிற்றில் கோத்துக்கட்டி, நாள்கணக்கில் தெற்கே இழுத்து வந்தார்கள். புயலில் படகோடு படகு மோதியது. அணியம் உடைந்தது. பலகை விண்டது. உறங்காமல், ஒழுங்கான உணவில்லாமல், தன் படகைத் தானே சிறைக்குக் கொண்டுபோன அந்த மனிதர்களின் நெஞ்சு என்ன பாடு பட்டிருக்கும்!

கொண்டுபோய்க் கட்டிய இடம் நியூ வெஸ்ட்மின்ஸ்டருக்குப் பக்கத்தில் ஃபிரேசர் ஆற்றில் அன்னிவில் என்ற கரையணை. ஆயிரத்துக்கு மேற்பட்ட படகுகளை அங்கே நெருக்கியடித்துக் கட்டிவிட்டு உரிமையாளர்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். மரப் படகு பற்றித் தெரிந்தவன் யாரும் அப்படிச் செய்ய மாட்டான். மழை பெய்தால் நீர் இறைக்க ஆள் வேண்டும். ஆற்றில் நீர் ஏறி இறங்கும்போது கயிறு தளர்த்தி இறுக்க ஆள் வேண்டும். குளிரில் எஞ்சினுக்குள் நிற்கும் தண்ணீரை வடிக்க ஆள் வேண்டும். வடிக்காவிட்டால் அது உறைந்து இரும்பையே பிளக்கும். இதையெல்லாம் செய்யக்கூடிய கைகள் சில மைல் தொலைவில் சும்மா கட்டிப்போடப்பட்டிருந்தன. நீர் வற்றியபோது படகுகள் சேற்றில் சாய்ந்தன, நீர் ஏறியபோது சாய்ந்தபடியே நிரம்பின. சில மூழ்கின. வலை, கம்பாஸ், பாட்டரி, கருவிப்பெட்டி எல்லாம் திருட்டுப் போயின. காவல் காக்க எடுத்த படகுகள் அவை என்று சொல்லிக்கொண்டார்கள்!

படகு கெட்டுப்போனது தற்செயல் என்று யாராவது சொல்ல வரலாம். சரி, தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து நடந்தது தற்செயலா?

1942 ஜனவரியில் அரசு ஒரு குழுவை நியமித்தது. ஜப்பானிய மீன்பிடிப் படகுகளை அகற்றும் குழு. தலைவர் நீதிபதி சிட்னி ஸ்மித், கடற்படையிலிருந்து ஒரு கமாண்டர், ஜப்பானியக் கனடியர் தரப்பில் கிஷிசோ கிமுரா. உரிமையாளர் சம்மதத்தோடுதான் விற்போம் என்றார்கள். என்ன சம்மதம்? ஜப்பானிய வம்சாவளியினர் எவருக்கும் இனி மீன்பிடி உரிமம் இல்லை என்று உத்தரவு ஏற்கெனவே போட்டாயிற்று. படகு அன்னிவில்லில் அழுகுகிறது. தள்ளிப்போட்டால் இன்னும் விலை இறங்கும். பொலிஸ் வீட்டுக்கு வந்து போகிறது. அந்த நிலையில் ஒருவன் போட்ட கையெழுத்துக்குப் பெயர் சம்மதமா? கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு வாங்கிய கையெழுத்து அது. கிமுராவைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. நானும் விலகி நின்றால் என் மக்களுக்குக் கிடைக்கிற கொஞ்சமும் கிடைக்காது என்று நினைத்து அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நாற்காலியைப் போட்டவர்களைத்தான் நான் கேட்கிறேன்.

வாங்கினவர்கள் யார்? மீன் தகரத் தொழிற்சாலைகளும், முப்பது ஆண்டுகளாக இவர்களைக் கடலிலிருந்து துரத்த வேண்டும் என்று மேடைக்கு மேடை கத்திக்கொண்டிருந்த போட்டி மீனவர்களும்தான். ஒரு பகுதி கடற்படைக்கும் போயிற்று. மீனவர்களைக் கொண்டே கரையோரக் காவலுக்கு அமைத்த துணைப்படையில் அந்தப் படகுகள் ஓடின. அதை மட்டும் என்னால் புரிந்துகொள்ள முடியும், அது போர்த் தேவை. மற்றவை? 1942 பருவத்தில் பிரிட்டனுக்குச் சால்மன் தகரம் அனுப்ப வேண்டும், அதனால் படகுகள் சும்மா கிடக்கக் கூடாது என்றார்கள். மீன் வேண்டும், படகு வேண்டும், எஞ்சின் வேண்டும், வலை வேண்டும். அந்த மீன் எங்கே ஓடும் என்று தெரிந்த மனிதன் மட்டும் வேண்டாம்! இதைப் போர்த் தேவை என்று யாரிடம் சொல்கிறீர்கள்?

ஆபத்து இருந்ததா என்றால், அதுவும் இல்லை. இந்த மக்களால் நாட்டுக்கு அச்சுறுத்தல் எதுவும் இல்லை என்று இராணுவத்தின் மூத்த அதிகாரிகளே ஒட்டாவாவில் எடுத்துச் சொன்னார்கள். மத்திய பொலிசும் அப்படியே நினைத்தது. போர் முடியும்வரை ஜப்பானியக் கனடியர் ஒருவர்மீதுகூட நாசவேலைக் குற்றச்சாட்டு வரவில்லை. கனடா அப்போது ஜெர்மனியோடும் இத்தாலியோடும் போரில் இருந்தது. அந்த நாடுகளின் வம்சாவளியினரில் சந்தேகத்துக்குரியவர்களை ஆள் பார்த்துப் பிடித்தார்களே தவிர, மொத்தமாக யாருடைய வீட்டையும் படகையும் அள்ளவில்லை. பிரதமர் மக்கென்சி கிங்கின் அமைச்சரவைக்குப் பயம் கடலிலிருந்து வரவில்லை, வாக்குப்பெட்டியிலிருந்து வந்தது. வன்கூவர் உறுப்பினரும் அமைச்சருமான இயன் மக்கென்சி அதற்குக் குரல் கொடுத்தார். முதலாம் உலகப் போரில் கனடாவுக்காக 222 ஜப்பானியக் கனடியர் போராடினார்கள், 54 பேர் மாண்டார்கள். அவர்களுக்காக வன்கூவர் ஸ்டான்லி பூங்காவில் எரிந்த விளக்கையே அணைத்துவிட்டார்கள். அது மறுபடி ஏற்றப்பட்டது 1985-இல்.

படகுக்குப் பிறகு வீடு. 1942 பெப்ரவரியில் கரையிலிருந்து நூறு மைலுக்குள் எந்த ஜப்பானிய வம்சாவளியினரும் இருக்கக் கூடாது என்று உத்தரவு. வன்கூவர் ஹேஸ்டிங்ஸ் பூங்காவின் கண்காட்சி மைதானத்தில், மாடும் குதிரையும் கட்டிய கொட்டில்களில், சாணி நாற்றம் போகாத தடுப்புகளுக்குள் தாய்களையும் பிள்ளைகளையும் அடைத்தார்கள். ஆண்களைச் சாலை வெட்ட அனுப்பினார்கள். பிறகு மலைகளுக்கு உள்ளே ஸ்லோக்கன், நியூ டென்வர், காஸ்லோ, தாஷ்மே. கடல் பார்த்துக் கண் விழித்தவர்களுக்கு மலையும் பனியும். ஜோய் கொகாவா அந்தக் காலத்தில் சிறு பிள்ளையாக ஸ்லோக்கனுக்குக் கொண்டுபோகப்பட்டவர். 1981-இல் அவர் எழுதிய ‘ஒபாசான்’ நாவலில் படகு கட்டும் குடும்பமொன்று வருகிறது. கனடாவின் பள்ளிப் பிள்ளைகள் இந்த வரலாற்றை முதலில் அறிந்தது பெரும்பாலும் அதைப் படித்துத்தான்.

எல்லாச் சொத்தும் காவலுக்காக மட்டுமே எடுக்கப்படுகிறது என்று 1942 மார்ச் உத்தரவில் எழுதியிருந்தது. ஓராண்டுகூட ஆகவில்லை, 1943 ஜனவரி 19-ஆம் தேதி, உரிமையாளரைக் கேட்காமலே விற்கலாம் என்று புதிய உத்தரவு. மிச்சமிருந்த படகு, வீடு, தோட்டம், தையல் இயந்திரம், பிள்ளையின் பொம்மை எல்லாம் போயின. அந்தப் பணத்தை உரிமையாளன் கையில் கொடுத்தார்களா? இல்லை. கணக்கில் வைத்து மாதம் கொஞ்சமாகக் கிள்ளிக் கொடுத்தார்கள். அது தீரும்வரை உதவிப்பணம் கிடையாது. எதிரிப் படையின் சிப்பாய் பிடிபட்டால் அவனுக்கு அரசு செலவில் சோறு போட வேண்டும் என்பது உலக விதி. தன் நாட்டுக் குடிமகனை அடைத்து, அவன் படகை விற்ற காசிலேயே அவனுக்குச் சோறு போட்டது கனடா. என்னால் இதைத் தாண்டிப் போக முடியவில்லை. எழுதும்போது கை நடுங்குகிறது.

உனக்கென்ன வந்தது, நீ ஜப்பானியனா என்று கேட்பீர்கள். நான் இலங்கையின் வடமராட்சிக் கரையில் கடற்றொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் ஐயாவிடம் மூன்றரைத் தொன் போட் ஒன்று இருந்தது. அம்மாவின் தாலிக்கொடி அடகிலும் சம்மாட்டியிடம் பட்ட கடனிலும் வந்த போட். போர்க்காலத்தில் ஒரு பின்னேரம் ஆயுதம் வைத்திருந்தவர்கள் வந்து, அவசரத் தேவை, போட் வேண்டும் என்றார்கள். ஐயா எதிர்த்துப் பேசவில்லை. எழுதித் தாருங்கோ தம்பிமார் என்று மட்டும் கேட்டார். சிகரெட் பெட்டியைக் கிழித்து அதன் உட்பக்கத்தில் பென்சிலால் எழுதினார்கள்: ஒரு போட், மிசினுடன். திகதி இல்லை, பெயர் இல்லை. அந்த அட்டையை அம்மா குடும்ப அட்டையோடு சேர்த்துப் பொலித்தீன் பையில் சுற்றி ஒவ்வொரு இடப்பெயர்விலும் கொண்டு போனார். பென்சில் எழுத்து எப்போதோ அழிந்துவிட்டது. போட் வரவில்லை. கேட்கப் போன இடங்களில் எல்லாம், அது எங்கள் காலத்தில் நடக்கவில்லை என்ற பதில்தான் கிடைத்தது. அந்த அட்டையைப் பார்த்து வளர்ந்த எனக்கு அன்னிவில் தூரத்து ஊரா?

சட்டத்தின் வாசலைத் தட்டியும் பார்த்தார்கள் அந்த மக்கள். சொத்து விற்பனையை எதிர்த்து ஜப்பானியக் கனடியர் மூவர் வழக்குத் தொடுத்தார்கள். 1944-இல் விசாரணை. நீதிபதி ஜோசப் தோர்சன். அவர் யார் தெரியுமா? இந்த மக்களைக் கரையிலிருந்து துரத்திய 1942-இல் மக்கென்சி கிங் அமைச்சரவையில் அமைச்சராக இருந்தவர்! அவருக்கு முன்னால் நின்றுதான் நியாயம் கேட்க வேண்டியிருந்தது. தீர்ப்பு மூன்று ஆண்டு கழித்து 1947-இல் வந்தது. சொத்தை விற்ற அதிகாரி மன்னரின் பணியாளர் இல்லை, ஆகவே மன்னர்மீது வழக்குப் போட முடியாது என்று தள்ளினார். எடுக்கும்போது மன்னரின் ஆணை. திருப்பிக் கேட்கும்போது மன்னருக்குச் சம்பந்தமில்லை. அதற்குள் எல்லாம் விற்றும் முடிந்திருந்தது. வீடும் படகும் தோட்டமும் போன குடும்பங்கள் அரசுக்கு எழுதிய எதிர்ப்புக் கடிதங்கள் முந்நூறு வரை ஒட்டாவா ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. பணிவான ஆங்கிலத்தில், கணக்குப் புத்தகம் மாதிரி விலை விவரத்தோடு, நான் இந்த நாட்டுக் குடிமகன் என்று எழுதிய கடிதங்கள். நடந்ததை யாரும் அறியவில்லை என்று இனி எவரும் சொல்ல வேண்டாம். அறிந்தார்கள். கோப்பில் போட்டு மூடினார்கள்.

அதே 1947-இல் நீதிபதி ஹென்றி பேர்ட் தலைமையில் விசாரணை ஆணைக்குழு ஒன்று வந்தது. 1950-இல் அறிக்கை தந்தது. மொத்த நட்டஈடு ஏறத்தாழ 12 லட்சம் டொலர். விற்ற விலைக்கும் நியாய விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. போன பருவங்களுக்குக் கணக்கில்லை. படகு என்பது பலகையும் இரும்புமா? ஏழு பருவம் அந்தப் படகு ஓடியிருந்தால் வந்திருக்கும் மீன் எங்கே, அந்த மீனில் படித்திருக்கக்கூடிய பிள்ளை எங்கே? கடலில் இருக்கிறவனுக்குப் படகு போனால் அன்றைய வரவு மட்டும் போகாது. மகனுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கும் இடம் போகும். எந்த மாதம் எந்த நீரோட்டத்தில் வலை விடுவது என்பதை அந்தப் பலகையின் மேல் நின்றுதான் காட்ட முடியும், மலைமுகாமில் நின்று காட்ட முடியாது.

ஜப்பான் சரணடைந்தது 1945-இல். இவர்கள் கரைக்குத் திரும்ப அனுமதி கிடைத்தது 1949 ஏப்ரல் முதலாம் தேதி. இடையில் ஏறத்தாழ 4,000 பேரை ஜப்பானுக்கே கப்பலேற்றி அனுப்பினார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் கனடாவில் பிறந்தவர்கள், பலர் ஜப்பானைப் பார்த்தே இராதவர்கள். திரும்பிய சிலர் ஸ்டீவ்ஸ்டனுக்கும் ஸ்கீனாவுக்கும் போய் மறுபடி கடன் பட்டு வேறு படகு வாங்கினார்கள். தன் சொந்தப் படகு வேறொருவன் பெயரில், வேறு சாயம் பூசி, எதிரே போவதைப் பார்த்துக்கொண்டு வலை விட்டவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். ஒரு மரப் படகு நாற்பது ஐம்பது ஆண்டு ஓடக்கூடியது.

1988 செப்டம்பர் 22-ஆம் தேதி பிரதமர் பிரையன் மல்ரோனி நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 21,000 டொலர். அதற்காகப் போராடிய சமூகத்தை நான் வணங்குகிறேன். அந்த மன்னிப்பு சும்மா கிடைத்ததில்லை. ஆனால் கணக்குப் பாருங்கள். 1941-இல் நாற்பத்தைந்து வயதில் படகைக் கொடுத்தவருக்கு 1988-இல் தொண்ணூற்றிரண்டு வயது. படகின் சொந்தக்காரர்களில் எத்தனை பேர் அந்தக் காசோலையைக் கையில் வாங்கியிருப்பார்கள்? இறந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. அந்தத் தொகையும் எல்லாருக்கும் ஒரே அளவு. உன் படகுக்கு இவ்வளவு, உன் வலைக்கு இவ்வளவு என்று எவருக்கும் எவரும் கணக்குச் சொல்லவில்லை. 2022-இல் பிரிட்டிஷ் கொலம்பிய மாகாண அரசு 10 கோடி டொலரைச் சமூக நலத் திட்டங்களுக்காக ஒதுக்கியது. நல்லது. எண்பது ஆண்டு கழித்து.

அந்த 1988-இல் கனடா போர்க்காலச் சட்டத்தையே நீக்கிவிட்டுப் புதிய அவசரநிலைச் சட்டம் கொண்டுவந்தது. அதில் பறிக்கப்படும் சொத்துக்கு நட்டஈடு தர வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த மக்களைச் சூறையாடித்தான் அந்தப் பாடத்தைப் படித்தார்கள். நான் இன்று அந்த நாட்டின் குடிமகன், வரி கட்டுகிறவன். அந்தப் படகுகளை விற்ற அரசு என் அரசும்தான். ஆகவே ஒதுங்கி நின்று பேச எனக்கு உரிமையில்லை, கூசாமல் கேட்க உரிமை உண்டு. அந்தக் கோப்புகள் இருக்கின்றன. வரலாற்றாய்வாளர்கள் பல ஆண்டு உழைத்து அவற்றைத் தோண்டி எடுத்துப் படியெடுத்து வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து ஒவ்வொரு படகாக எடுங்கள். உரிமையாளனின் பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு, உன் பாட்டனின் படகை இன்ன நாள் எடுத்தோம், இன்ன விலைக்கு விற்றோம், உரிய விலை இவ்வளவு, பிடி என்று கையில் கொடுங்கள். மொத்தமாகக் கேட்ட மன்னிப்பு மொத்தமாகச் செய்த திருட்டுக்குச் சரி. தனித்தனியாகப் போன படகுக்குத் தனித்தனியாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்துக் கடலிலும் இதையே கேட்கிறேன். அங்கே கோப்புகூட இல்லை. மயிலிட்டித் துறைமுகம் 27 ஆண்டு பூட்டிக் கிடந்து 2017-இல் திறந்தபோது துறை வந்தது, போன போட்டுகள் வரவில்லை. ஆயுதம் வைத்திருந்த எந்தத் தரப்பும், எந்தச் சீருடையும், இத்தனை போட் எடுத்தோம் என்று இன்றுவரை ஒரு தாளில் எழுதித் தரவில்லை. எழுதத் தொடங்குங்கள். விவரம் தெரியாது என்று சொல்ல வேண்டாம். எங்கள் ஊர் வாடிகளில் கிழவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எவருடைய போட், எத்தனை அடி, என்ன மிசின், எந்த மாதம், எந்தத் துறையிலிருந்து யார் கொண்டுபோனது, எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். பேனாவோடு வந்து உட்கார்ந்தால் ஒரே நாளில் சொல்லி முடிப்பார்கள்.